டிக்கெட்டுக்கு எத்தனை வகை வேண்டும்? ஆறு வருட ஜிரா அனுபவம்

எங்கள் மென்பொருள் குழு, ஒவ்வொரு வேலையையும் ஒரு டிக்கெட்டாகப் பதிந்து பின்தொடரும் கருவியான ஜிராவுக்கு வந்து 6 வருடம் ஆகிறது. தொடங்கும்போது எபிக் (பல ஸ்டோரிகள் அடங்கிய பெரிய வேலை), ஸ்டோரி (பயனருக்கான ஒரு வசதி), டாஸ்க், பக் (பிழை), சப்-டாஸ்க் (ஒரு டிக்கெட்டின் உட்பகுதி) என்று 5 வகைதான். மூன்றாவது வருடம் எண்ணிப் பார்த்தால் 14! 'மேம்பாடு', 'சிறு மாற்றம்', 'டிசைன் டாஸ்க்', 'ஹாட்ஃபிக்ஸ்' என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருந்தது. பாதிக்கு மேல் நானே சேர்த்தவை. அன்றைக்கு எல்லாமே நியாயமாகத்தான் பட்டது.

ஒரு டிக்கெட் இன்னும் நினைவில் இருக்கிறது. தேடல் பெட்டியில் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டால் எதுவுமே கிடைக்காது. டெஸ்டர் அதை பக் என்று போட்டார். 'ரெக்வயர்மென்ட்டில் இது இல்லையே' என்று டெவலப்பர் மேம்பாடாக மாற்றினார். ப்ராடக்ட் ஓனர் அதைச் சிறு மாற்றம் ஆக்கினார். ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஒர்க்ஃப்ளோ (டிக்கெட் கடக்க வேண்டிய படிகள்) வைத்திருந்ததால், வகை மாறும்போதெல்லாம் ஸ்டேட்டஸும் முதலிலிருந்து தொடங்கியது. ஒரே வரியில் முடிகிற திருத்தம் நான்கு நாள் இழுத்தது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொரு வகையையும் கேள்வி கேட்டோம். இதற்கென்று தனி ஒர்க்ஃப்ளோ உண்மையிலேயே தேவையா? கட்டாயம் நிரப்ப வேண்டிய தனி ஃபீல்டு ஏதாவது உண்டா? இரண்டும் இல்லையென்றால் லேபிள் (டிக்கெட்டில் ஒட்டும் குறிச்சொல்) போதும். 'ஹாட்ஃபிக்ஸ்' அவசரத்தைச் சொல்கிறது, அதற்கு ப்ரையாரிட்டி இருக்கிறது. 'டிசைன் டாஸ்க்' யார் வேலை என்பதைச் சொல்கிறது, அதற்கு அசைனி இருக்கிறார்.

மிஞ்சியவை எபிக், ஸ்டோரி, டாஸ்க், பக், அப்புறம் ஸ்பைக், அதாவது ஒரு கேள்விக்கு விடை தேடும் ஆராய்ச்சி வேலை. ஸ்பைக்கைத் தனியாக வைத்ததில் எனக்கு ரொம்பத் திருப்தி. எக்ஸ்ட்ரீம் ப்ரோக்ராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறையிலிருந்து வந்த சொல் அது. ஸ்டோரி முடிந்தால் ஓடுகிற மென்பொருள் கையில் இருக்கும், ஸ்பைக் முடிந்தால் ஒரு பதில் இருக்கும். அதனால் 'எத்தனை நாள்வரை தேடலாம்', 'என்ன முடிவெடுத்தோம்' என்று இரண்டு ஃபீல்டைக் கட்டாயமாக்கினோம். முன்பு டாஸ்க் என்ற பெயரில் மூன்று ஸ்பிரிண்ட் (குறிப்பிட்ட கால வேலைச் சுற்று) ஓடிய ஆராய்ச்சிகள் இப்போது இரண்டு நாளில் முடிகின்றன.

சப்-டாஸ்க்கை விட்டுவிட்டோம். தாய் டிக்கெட் இருக்கிற ஸ்பிரிண்டில்தான் அதுவும் இருக்க முடியும் என்பதால், டெஸ்டிங் ஒன்று பாக்கி நின்றாலே முழு ஸ்டோரியும் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போனது.

பக் பற்றிய சண்டை ஓய்ந்தது வேறொரு விதியால். ரிலீஸுக்கு முன் கண்ணில் பட்டால் ஸ்டோரியிலேயே கமென்ட், ரிலீஸுக்குப் பின் பட்டால் பக். ஜிரா மாதிரியே மைக்ரோசாஃப்ட் தரும் கருவியான அசூர் டெவாப்ஸின் 'பேசிக்' ப்ராசஸில் பக் என்று தனி வகையே கிடையாது. எபிக், இஷ்யூ, டாஸ்க் மூன்றுதான். அதிலும் குழுக்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

வகைகளைக் குறைக்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். இணைப்பதற்கு முன் பழைய வகையின் பெயரை எல்லா டிக்கெட்டிலும் லேபிளாகப் போட்டுவிடுங்கள். பல டிக்கெட்டுகளை ஒரே தடவையில் மாற்றும் பல்க் சேஞ்சில் சுலபமாக முடியும். நாங்கள் செய்யவில்லை. பழைய ஃபில்டர்கள் (சேமித்து வைத்த தேடல்கள்) உடைந்து, எது மேம்பாடு, எது டாஸ்க் என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போனது.

'சப்போர்ட் கோரிக்கை'யை டாஸ்க்கில் கலந்ததும் தவறு. அதில் மறுமுனையில் ஒரு வாடிக்கையாளர் காத்திருக்கிறார், பதில் தர ஒரு கெடு இருக்கிறது. ஆறு மாதம் பார்த்துவிட்டு, கெடு தேதியைக் கட்டாய ஃபீல்டாக்கித் திரும்பக் கொண்டுவந்தோம். இப்போது 6 வகை.