எபிசோடுக்கா, சீசனுக்கா, ஆளுக்கா? நாடகத் தொடர் எழுத்து விருதுகள்

தொலைக்காட்சி நாடகத் தொடர்களின் எழுத்துக்கு அமெரிக்காவின் எம்மியும் விருது தருகிறது, அமெரிக்க எழுத்தாளர் சங்கமும் (டபிள்யூஜிஏ) தருகிறது, பிரிட்டனின் பாஃப்டாவும் தருகிறது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் மூன்றும் எடைபோடுவது வேறு வேறு சரக்கு.

எம்மியின் நாடகத் தொடர் எழுத்துப் பிரிவில் போட்டிக்குப் போவது ஒரு எபிசோட். பரிசும் அந்த எபிசோடில் எழுத்தாளராக யார் பெயர் வருகிறதோ அவருக்கு. அதனால் தனியாக எடுத்துப் போட்டாலும் நிற்கிற எபிசோடுகளுக்கு இங்கே யோகம் அதிகம். ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங்குக்கு விருது வாங்கித் தந்த 'சக்ஸெஷன்' தொடரின் 'கானர்ஸ் வெட்டிங்' எபிசோடையே எடுத்துக்கொள்வோம் (இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்). குடும்பத் தலைவர் விமானத்தில் சாகிறார். நமக்கு அதைக் காட்டுவதில்லை. அண்ணன் கல்யாணத்துக்காகப் படகில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபோன் வருகிறது. அந்தப் பக்கம் மருமகன் ஃபோனை மாமனாரின் காதோரம் பிடித்திருக்கிறார். கேட்கிறதா, ஆள் இருக்கிறாரா என்றே தெரியாமல் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள், திக்கித் திணறி, பாதி வாக்கியங்களில். அபாரமான எழுத்து, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் திணறலுக்குக் கனம் எங்கிருந்து வந்தது? முந்தைய மூன்று சீசன்களிலிருந்து. அந்தக் கணக்கு எம்மி சீட்டில் ஏறாது.

இன்னொரு கோணலும் உண்டு. ஒரே தொடர் பல எபிசோடுகளோடு களம் இறங்கலாம். 2009-இல் பரிந்துரையான ஐந்தில் நான்கு 'மேட் மென்' எபிசோடுகள், ஐந்தாவது 'லாஸ்ட்'. ஜெயித்ததும் 'மேட் மென்'தான். இதைப் போட்டி என்பதா, வீட்டு விசேஷம் என்பதா?

நிதானமாகக் கட்டி எழுப்பும் தொடர்கள் இந்த முறையில் அடிவாங்கும். 'தி வயர்' ஐந்து சீசன், 60 எபிசோட் ஓடியது. மொத்தம் கிடைத்தது இரண்டு எம்மி பரிந்துரை, இரண்டுமே எழுத்துக்கு. விருது ஒன்றுகூட இல்லை. அதே தொடருக்கு 2008-இல் எழுத்தாளர் சங்கம் சிறந்த நாடகத் தொடர் விருதைக் கொடுத்தது. எம்மியின் எழுத்துப் பிரிவில் ஓட்டுப் போடுவதும் எழுத்தாளர்கள்தான், சங்கத்தில் ஓட்டுப் போடுவதும் எழுத்தாளர்கள்தான். ஆகவே ரசனை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. கேட்ட கேள்விதான் வேறு.

சங்கத்தின் நாடகத் தொடர் பிரிவு முழு சீசனையும் பார்க்கிறது, அதை எழுதிய குழுவையே கௌரவிக்கிறது. அமெரிக்கத் தொடர்கள் எழுதப்படும் விதத்துக்கு இதுதான் பொருந்துகிறது. கதையைப் பலர் ஓர் அறையில் உட்கார்ந்து காட்சி காட்சியாகப் பிரித்துப் போடுகிறார்கள், ஒருவர் எழுதிக் கொடுக்கிறார், தொடரின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் ஷோரன்னர் திருத்துகிறார். கடைசியில் திரையில் வருவது ஒன்றிரண்டு பெயர். நல்ல யோசனை சொன்ன இளம் எழுத்தாளருக்கு எம்மி மேடையில் இடமில்லை. சங்கப் பட்டியலில் உண்டு. எபிசோடுக்கென்று சங்கத்தில் தனிப் பிரிவும் இருக்கிறது. குறை என்று பார்த்தால், பெரும்பாலும் சங்கத்தின் ஒப்பந்தத்துக்கு உட்பட்டு எழுதப்பட்டவற்றுக்கே கதவு திறக்கும். எம்மியில் அந்தத் தடை இல்லை. 2024-இல் பிரிட்டிஷ் தொடரான 'ஸ்லோ ஹார்ஸஸ்' எழுதிய வில் ஸ்மித் ஜெயித்தார் (நடிகர் இல்லை, இவர் வேறு).

பாஃப்டா விருது எழுத்தாளர் என்ற ஆளுக்கு. நடுவர் குழு கூடிப் பேசி முடிவெடுக்கிறது. ஒரே ஆள் தொடர் முழுவதையும் எழுதும் பிரிட்டிஷ் பழக்கத்துக்கு ஆளுக்கு விருது என்பது சரிப்படும். மிக்கேலா கோல் 'ஐ மே டிஸ்ட்ராய் யூ' தொடரின் 12 எபிசோடுகளையும் தானே எழுதினார். 2021-இல் பாஃப்டாவின் நாடக எழுத்தாளர் விருது அவருக்கு. அதே ஆண்டு எம்மியும் வாங்கினார், ஆனால் குறுந்தொடர் பிரிவில். சில பேர் கையில் முடிவு இருப்பதால் பிரபலம் குறைந்த தொடரும் மேலே வரலாம். அந்தச் சில பேரின் ரசனை ஒரு பக்கம் சாய்ந்தால் அதற்கும் மருந்தில்லை.

1974 முதல் இருக்கும் ஹ்யூமனிடாஸ் பரிசு மனித மாண்பைப் பேசும் எழுத்துக்கானது. உள்ளடக்கத்துக்கு மதிப்பெண் என்பதால் இந்தப் பந்தயத்தில் அதைச் சேர்க்கவில்லை.

என் ஓட்டு சங்கத்தின் தொடர் விருதுக்கு. ஒரு காட்சியை எப்படிக் கட்டுவது என்று படிக்க நினைப்பவர்களுக்கு மட்டும் எம்மி பட்டியலைத்தான் கைகாட்டுவேன்.