ஒயின் ஆலைச் சுற்றுலா என்று சொல்லி ரூ.16,000 பறித்தார்கள்: மதுரையிலிருந்து கம்பம் செல்வோர் கவனத்திற்கு

மதுரையில் தங்கும் விடுதிகள் நெருங்கிய பகுதியில் இயங்கும் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகம், கம்பம் பள்ளத்தாக்கில் ஒயின் ஆலையைச் சுற்றிக் காட்டி, சுவை பார்க்க வைத்து, தோட்டத்திலேயே மதிய உணவும் தருவதாகச் சொல்லி எங்களிடம் ரூ.16,000 வாங்கிக்கொண்டு, அவற்றில் ஒன்றைக்கூடத் தரவில்லை. கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இதை எழுதும் இந்த நேரத்திலும் எனக்குக் கோபம் தணியவில்லை.

சென்னையிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர், தலைக்கு ரூ.3,200. அலுவலகத்தில் இருந்தவர் விவரம் தெரிந்தவராகப் பேசினார். சிவப்பு ஒயினுக்கு நிறம் பழத்தின் தோலிலிருந்துதான் வருகிறது என்பதால் சாற்றைத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுவார்கள் என்றும், சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றும் தொட்டிகளை அருகில் நின்றே பார்க்கலாம் என்றும் விளக்கினார். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும், மற்ற ஊர்களைப் போலன்றி அங்கே ஆண்டு முழுவதும் அறுவடை நடப்பதையும் சொன்னார். அவை அனைத்தும் உண்மை. அதனால்தான் மற்றதும் உண்மையென்று தோன்றியது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றதும், "சார், அம்மாவை வெயில்ல நிக்க விடுவேனா? நம்ம ஊர்க்காரங்ககிட்ட தப்பு பண்ணிட்டு நான் எங்க போவேன்?" என்றார். அந்தச் சொல்லுக்காகவே முழுத் தொகையையும் அங்கேயே அனுப்பினேன்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகக் கம்பம் வரை பயணத்தில் குறையில்லை. ஆலை வாசலில்தான் விஷயம் வெளிப்பட்டது. அப்படி ஒரு முன்பதிவு தங்களுக்கு வரவே இல்லை என்று காவலாளி மரியாதையாகவே சொன்னார். அவர்மீதோ ஆலைமீதோ எனக்கு வருத்தமில்லை. அதன்பின் ஓட்டுநர் யாரிடமோ பேசிவிட்டு, சாலையோரத்தில் ஒரு திராட்சைப் பந்தலுக்கு எங்களை அழைத்துச் சென்றார். 'சுவை பார்த்தல்' என்பது அங்கே காகிதக் குவளையில் திராட்சைச் சாறு. 'தோட்ட விருந்து' என்பது ஆறிப்போன எலுமிச்சைச் சாதப் பொட்டலம். உட்கார ஒரு நாற்காலிகூட இல்லாமல் அம்மா காருக்குள்ளேயே அமர்ந்து சாப்பிட்டார். அந்தக் காட்சியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று மாலை அழைத்தபோது, ஆலையில் திடீர்ப் பராமரிப்பு என்றார்கள். காவலாளி சொன்னதை எடுத்துச் சொன்னதும், மேலாளர் வெளியூரில் இருக்கிறார் என்றார்கள். மறுநாள் நேரில் சென்றால், பணம் வாங்கியவரே என்னை முன்பின் பார்த்திராதவர்போல, "கார் போச்சுல்ல சார், டீசல் யார் போடுறது?" என்று கேட்டார். ரூ.16,000-க்கு ரசீது கேட்டேன். கணினி பழுது என்றார்கள். இப்போது என் எண்ணிலிருந்து போகும் அழைப்பை எவரும் எடுப்பதில்லை. ரூ.16,000 என்பது எங்கள் வீட்டில் ஒரு மாத வாடகைக்கும் மளிகைக்கும் ஆகும் பணம்.

செல்ல நினைப்பவர்கள் ஆலையின் எண்ணைத் தாங்களே தேடி, பார்வையாளரை அனுமதிக்கிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம் இருக்கிறது. ஆகவே ஒயின் சுவைக்கத் தருவதாக எவர் சொன்னாலும் அதற்கான அனுமதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள், ரசீது இல்லாமல் எழுந்து வராதீர்கள். பணம் அனுப்பிய சான்றையும் குறுஞ்செய்திகளையும் அழிக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் புகார் பதிந்துவிட்டேன்; ரூ.16,000 திரும்பவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கும் செல்வேன்.