மூளையில் வளையம்: புற்றுப் பரவலா, புழுக்கட்டியா?

சிங்கப்பூரின் தேக்காவில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் மாமாவுக்குத் திடீரென வலிப்பு வந்தது. எம்ஆர்ஐ படத்தில் பல வளையங்கள். மூளைக்குப் பரவிய புற்றும் இப்படித் தெரியும். பன்றி நாடாப்புழு முட்டையால் உண்டாகும் நீர்க்கட்டியும் இப்படித் தெரியும்.

பரவல் என்றால் நுரையீரல், மார்பகம் போன்ற இடத்தில் மூலக் கட்டியைத் தேட வேண்டும். புழுக்கட்டிக்குள்ளோ புழுவின் தலை சிறு புள்ளியாகத் தெரியலாம். தெரிந்துவிட்டால் ஐயம் தீர்ந்தது. அசைவமே தொடாத மாமாவுக்கு எப்படி என்று வீட்டில் கேட்டார்கள். புழுவின் முட்டை வயிற்றுக்குள் போவது கழுவாத கையாலும் அசுத்த நீராலும்! அதனால் ஊருக்குப் போய்வந்த கதையை மருத்துவரிடம் முழுதாகச் சொல்லுங்கள்.

பரவலுக்குப் பெரும்பாலும் கதிர்வீச்சு அல்லது அறுவைச் சிகிச்சை. புழுக்கட்டிக்கு அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்தும், வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டும். பல கட்டிகள் சில மாதங்களில் சுருங்கிவிடும். ஐயம் நீடித்தால், திசுப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேட்காமல் கதிர்வீச்சுக்கு நான் சம்மதிக்கமாட்டேன்.