வாராவாரம் ஸ்பெல்லிங் டெஸ்ட்: ரெண்டு வருஷமா அட்டைப்பெட்டி யூஸ் பண்ணின அனுபவம்

பொண்ணு ரெண்டாவது படிக்கும்போது ஆரம்பிச்சது, இப்ப நாலாவது முடிக்கப் போறா. திங்கக்கிழமை 10 இங்கிலீஷ் வார்த்தை குடுப்பாங்க, வெள்ளிக்கிழமை டெஸ்ட். இந்த ரெண்டரை வருஷத்துல நாங்க நாலஞ்சு வழி மாத்தி மாத்திப் பார்த்தாச்சு, எது நின்னுச்சு எது நிக்கலன்னு சொன்னா இப்ப ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

முதல்ல செஞ்சது எங்கம்மா எனக்குச் செஞ்சது தான், ஒவ்வொரு வார்த்தையும் 10 தடவை எழுது. நானும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், நோட்டு ரொம்புச்சு, நல்லா படிக்கிறான்னு நெனச்சேன். ஒருநாள் உத்துப் பார்த்தா அவ வார்த்தையா எழுதல. மேல இருந்து கீழ வரைக்கும் மொதல்ல 10 எஃப், அப்புறம் பக்கத்துல 10 ஆர், அப்படியே எழுத்து எழுத்தா இறக்கிட்டு இருக்கா. கை மட்டும் வேலை செஞ்சிருக்கு. அதுலயும் ஃப்ரெண்டுங்குற வார்த்தைல ஐ-யும் இ-யும் இடம் மாறி 10 தடவையும் தப்பாவே எழுதியிருந்தா, அந்த ஒண்ணை அழிக்க எங்களுக்கு மூணு மாசம் ஆச்சு. அன்னிக்கோட அந்தப் பழக்கத்தை விட்டுட்டோம்.

அடுத்து வியாழக்கிழமை ராத்திரி மொத்தமா படிக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டு, தூக்கம் வர வரைக்கும் கேட்டு, மறுநாள் 10-க்கு 10 வாங்கிட்டு வருவா, எனக்கும் சந்தோஷமா இருக்கும். ரெண்டு வாரம் கழிச்சு அவ ஏதோ எழுதுறதைப் பார்த்தா பிகாஸ் தப்பு, அதே வார்த்தைக்கு முழு மார்க் வாங்கியிருந்தா. அப்பதான் தேடிப் படிச்சேன். ஹெர்மன் எபிங்காஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885-லயே இதை எழுதியிருக்கார், தன்னையே சோதிச்சுப் பார்த்து, படிச்சது ஆரம்பத்துல வேகமா மறந்துபோகும், விட்டு விட்டுத் திரும்பப் பார்த்தா நிக்கும்னு. நாங்க பண்ணதுல விட்டு விட்டுங்குறதே இல்ல, ஒரே ராத்திரி.

அதுக்கப்புறம் வந்தது தான் பேப்பரை மடிச்சு எழுதுறது. பார், மூடு, எழுது, சரிபார்னு நாலு வேலை. முழு வார்த்தையையும் ஒருதடவை நல்லா பார்க்கணும், பேப்பரை மடிச்சு மூடணும், பார்க்காம எழுதணும், அப்புறம் அவளே தொறந்து சரிபார்க்கணும். நடுவுல எட்டிப் பார்த்தா அந்த வார்த்தை மறுபடி மொதல்ல இருந்து. கேக்குறதுக்கு 10 தடவை எழுதுறதை விட லேசா தெரியும், ஆனா ஒவ்வொரு தடவையும் தலைக்குள்ள இருந்து எடுக்கணும், அதுல தான் விஷயமே இருக்கு. ரோடிகர், கார்ப்பிக்கினு ரெண்டு பேர் 2006-ல காலேஜ் பசங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. திரும்பத் திரும்பப் படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வெச்ச டெஸ்ட்ல முன்னால இருந்தாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ பார்க்காம ஞாபகப்படுத்தி எழுதிப் பார்த்தவங்க தான் அதிகமா ஞாபகம் வெச்சிருந்தாங்க. எங்க வியாழன் ராத்திரிக் கதையே அதுல இருந்துச்சு.

சரிபார்க்குறதுல ஒண்ணு சொல்லணும். முன்னாடி நான் தப்பான வார்த்தை மேல பெரிசா ஒரு குறுக்குக்கோடு போட்டுருவேன். இப்ப அவளே ஒவ்வொரு எழுத்துக்கு கீழயும் டிக் போடுறா, தப்பான எழுத்தை மட்டும் வட்டம் போடுறா. செபரேட் எழுதும்போது நடுவுல ஏ-க்கு பதிலா இ போட்டிருந்தா. "8 எழுத்துல 7 சரியா இருக்கு பாரு, அந்த ஒண்ணு தான் பாப்பா கத்துக்கணும்"னு சொன்னேன். அவ முகம் மாறினதை நான் மறக்கவே மாட்டேன், அதுவரைக்கும் முழு வார்த்தையும் தனக்கு வராதுன்னே நெனச்சிட்டு இருந்திருக்கா.

அட்டைப்பெட்டிக்கு வரேன், ரெண்டு வருஷமா ஓடுறது இது தான். செபாஸ்டியன் லைட்னர்ங்குறவர் 1972-ல சொன்ன முறை. ஒரு பெட்டில 5 அறை. ஒரு வார்த்தைக்கு ஒரு அட்டை, புது அட்டை முதல் அறைக்குப் போகும். சரியா எழுதினா அடுத்த அறை, தப்புன்னா திரும்ப முதல் அறை. எங்க வீட்ல முதல் அறை தினமும், ரெண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், மூணாவது வாரத்துக்கு ஒருதடவை, நாலாவது ரெண்டு வாரத்துக்கு, அஞ்சாவது மாசத்துக்கு. தினம் 10 நிமிஷம் போதும். அட்டையோட முன்பக்கம் வார்த்தையை எழுதிடாதீங்க, பார்த்தா அப்புறம் என்ன டெஸ்ட், முன்பக்கம் கோடிட்ட இடத்தோட ஒரு வாக்கியமும் சின்னப் படமும், பின்பக்கம் வார்த்தை. அப்படி இருந்தா நாம பக்கத்துல இல்லனாலும் அவளே எடுத்து எழுதிப் பார்த்துக்கலாம்.

குறையும் இருக்கு. வாரம் 10 அட்டை எழுதுறது நம்ம வேலை. எனக்கு ஆஃபீஸ்ல வேலை ஜாஸ்தியான ஒரு மாசம் பெட்டியைத் தொடவே இல்ல, திரும்ப எடுத்தப்போ பார்க்க வேண்டியது 60 அட்டைக்கு மேல சேர்ந்திருச்சு, அவ அதைப் பார்த்துட்டு ரூமை விட்டே போய்ட்டா. அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு 12 அட்டைக்கு மேல எடுக்குறதில்லன்னு முடிவு பண்ணோம், மிச்சம் நாளைக்கு. இன்னொண்ணு, அஞ்சாவது அறை வரைக்கும் போன அட்டை தப்பாகி முதல் அறைக்கு வந்தப்போ அழுதுட்டா. நான் விதியை மாத்திட்டேன், தப்புன்னா ஒரு அறை மட்டும் பின்னால. புத்தகத்துல இருக்குற மாதிரி இல்லனாலும் பெட்டி இன்னும் ஓடுறதுக்குக் காரணம் அந்த மாத்தம் தான்னு நான் உறுதியா சொல்வேன். மெல்லிசு அட்டை ஆறு மாசத்துல முனை மடங்கிப்போகும், கெட்டி அட்டையா வெட்டிக்கோங்க.

காந்த எழுத்தும் வாங்கினோம், முதல் ஆறு மாசம் நல்ல உபயோகம், எழுத அலுக்குற அன்னிக்கு அடுக்கி விளையாடுவா. ஆனா இ எப்பவும் பத்தாது. இங்கிலீஷ்ல ரொம்ப அதிகமா வர எழுத்து அது தான், செட்ல அதுக்கேத்த அளவு இல்ல, நானே அட்டைல வெட்டி சேர்த்தேன். ஒரு ஆப்பும் போட்டுப் பார்த்தோம், நாலு விடைல சரியானதைத் தொடுற மாதிரி. அதுல எல்லாம் சரியா வரும், பேப்பர்ல 6 தான். பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கிறது வேற, எழுதுறது வேற. எடுத்துட்டோம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி சத்தமே இல்லாத எழுத்துக்கள். "ஐலேண்ட்ல எஸ் எதுக்கும்மா, யாரும் சொல்றதே இல்லயே"ன்னு கேட்டா. முன்னாடினா அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணுன்னு சொல்லியிருப்பேன். தேடிப் பார்த்தா அந்த எஸ் பழைய இங்கிலீஷ்ல கிடையவே கிடையாது, லத்தீன்ல தீவுக்கு இன்சுலான்னு பேர் இருக்கேன்னு பின்னாடி வந்தவங்க தப்பா சேர்த்துட்டாங்க. கடன்ங்குற டெட்ல பி-யும் டெபிட்டும்ங்குற லத்தீன் வார்த்தைல இருந்து கொண்டுவந்து ஒட்டினது. நைஃப் (கத்தி), நீ (முழங்கால்), நாட் (முடிச்சு) எல்லாத்துலயும் வர கே மட்டும் அப்படி இல்ல, ஒரு காலத்துல நெஜமாவே அதைச் சேர்த்து தான் சொல்லிட்டு இருந்திருக்காங்க. அன்னிக்கு முழுக்க எங்க வீட்ல க்நைஃப், க்நீ, க்நாட் தான். கதை தெரிஞ்ச வார்த்தை ஒண்ணு கூட இதுவரைக்கும் பின்னால அறைக்கு வந்ததில்ல. கதை இல்லாததுக்கு சத்தமா உடைச்சுச் சொல்வோம், வெட்-நெஸ்-டே, ஃபெப்-ரு-அரி, எழுதும்போது மட்டும் அப்படி. லிஸ்ட்ல வர வரிசையை விட்டுட்டு ஒரே மாதிரி இருக்குற வார்த்தைகளை ஒண்ணா சேர்த்துப் படிச்சதும் உதவுச்சு.

போன வருஷம் தமிழ் சொல்வதெழுதுதலுக்கும் அதே பெட்டில ஒரு வரிசை சேர்த்தோம். அரை, அறை, பணி, பனி, வலி, வளி, வழி. வெறும் சொல்லைச் சொன்னா எதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும், கோடிட்ட வாக்கியம் இங்க இன்னும் அவசியம். ழ வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பத் தப்பாச்சு. கவனிச்சா நான் தான் வேகமா சொல்லும்போது ழ-வை ள-வா சொல்லிட்டு இருக்கேன், அவ கேட்டதைத் தான் எழுதியிருக்கா. இப்ப நானும் நிறுத்தி நாக்கை மடிச்சு சொல்றேன்.

மார்க் கேப்பீங்க. ஆரம்பத்துல 6, 7, இப்ப பெரும்பாலும் 9 இல்ல 10, சில வாரம் 7 வரும், பரவால்ல. எனக்கு அதை விடப் பெரிசா தெரிஞ்சது வேற. முன்னாடி அவ கதை எழுதினா எல்லாமே பிக், குட், நைஸ் தான். வேற வார்த்தை தெரியாதான்னா தெரியும், வாயால கதை சொல்லும்போது ஜைகான்டிக்னு சொல்லுவா, எழுதும்போது ஸ்பெல்லிங் தப்பாகுமோன்னு பயந்து சின்ன வார்த்தையா மாத்திக்குவா. போன மாசம் எழுதின ஒரு பக்கக் கதைல எனார்மஸ் இருந்துச்சு. ஸ்பெல்லிங் தப்பு, ஒரே ஒரு எழுத்து. ஆனா அந்த வார்த்தையை மாத்தாம எழுதியிருந்தா. நான் திருத்தாம மொதல்ல முழுக்கதையையும் படிச்சேன், அடுத்த நாள் அவளே அதுக்கு அட்டை எழுதி முதல் அறைல போட்டா.

இப்பல்லாம் அட்டை எழுதுறது அவ பொறுப்பு தான். இந்த வார லிஸ்ட்ல நெசசரி வந்திருக்கு. சட்டைக்கு ஒரு காலர், ரெண்டு ஸ்லீவ், அதனால ஒரு சி, ரெண்டு எஸ்னு சொல்லிக் குடுத்தேன். முன்பக்கம் பெரிசா ஒரு சட்டை வரைஞ்சு நீலக் கலர் அடிச்சிட்டு இருக்கா, டெஸ்ட் நாளைக்கு.