ரீல்ஸ் பார்த்து புக் செய்த பூம்பாறை ஹோம்ஸ்டே

முன்பெல்லாம் கொடைக்கானல் என்றால் ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜ், படகு சவாரி, தூண் பாறை, அவ்வளவுதான். இப்போது லீவுக்கு எங்கே போவது என்பதை என் மகளின் போன்தான் முடிவு செய்கிறது. அரை நிமிட ரீல்ஸில் படிப்படியான வயல், பனிமூட்டம், மர பால்கனி; அன்றிரவே அட்வான்ஸ் போட்டாச்சு.

கொடைக்கானல் டவுனிலிருந்து பூம்பாறை கிராமம் சுமார் 20 கிலோமீட்டர் தூரம். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் உண்டு, வீட்டிலேயே எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

போய்ப் பார்த்தால் அந்த பால்கனி நிஜமாகவே இருக்கிறது, ஆனால் பக்கத்து அறைக்கு. எங்கள் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி. கேட்டதற்கு, "அது பிரீமியம் ரூம் சார், ஆயிரம் ரூபாய் கூட ஆகும்" என்றார் பொறுப்பாளர். சரி, போகட்டும். கேம்ப் ஃபயருக்கும் தனிக் காசு, விறகோ ஈரம், ஒரு மணி நேரம் புகையில் கண்ணைக் கசக்கியதுதான் மிச்சம்.

சாப்பாட்டில் மட்டும் குறையே இல்லை. சமைக்கும் அக்கா மலைப்பூண்டைத் தட்டிப்போட்டு ஒரு ரசம் வைத்தார் பாருங்கள் (2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே பூண்டுதான்), நான் மூன்று டம்ளர் வாங்கிக் குடித்தேன். காலையில் குழந்தை வேலப்பர் கோயிலுக்கு நடந்தே போய் வந்தோம், அந்தக் குளிரில் அது தனி சுகம்.

ஐந்துக்கு மூன்று. புக் செய்யும் முன் உங்களுக்குத் தரப்போகும் அறையையே வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த ரசத்துக்காக நான் இன்னொரு தடவை போவேன், ஆனால் பால்கனி அறைக்கு.