ஓரம் வளையும் படம்: லென்ஸை மாற்றலாமா, மென்பொருளில் திருத்தலாமா?

வீட்டில் செய்த ப்ரொஜெக்டரில் ஒற்றைப் பூதக்கண்ணாடிதான் லென்ஸ் என்றால், ஓரக் கோடுகள் வளைந்துதான் விழும்.

செலவு: வீடியோவை மாற்றியமைக்கும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கின் லென்ஸ்கரெக்‌ஷன் ஃபில்டர் இலவசம். மூன்று கண்ணாடி சேர்ந்த ட்ரிப்லெட் லென்ஸுக்குக் காசு வேண்டும்.

தெளிவு: பெரிய வித்தியாசமே இங்கேதான். கட்டம் போட்ட படம் ஒன்றைச் சுவரில் விழவையுங்கள். மென்பொருள் கோட்டை நேராக்கிவிடும். ஆனால் மூலையின் மங்கலும், வெள்ளைக் கோட்டின் விளிம்பில் தெரியும் நீலம், சிவப்பும் அப்படியே இருக்கும். படத்தை எதிர்ப்பக்கம் வளைப்பதால் கொஞ்சம் பிக்சலும் வீணாகும். நல்ல ட்ரிப்லெட் வளைவு, மங்கல், நிறப்பிசிறு மூன்றையும் குறைக்கும்.

சுலபம்: மென்பொருளில், வளைவை எவ்வளவு திருத்த வேண்டும் என்று சொல்லும் கே1, கே2 எண்களை மாற்றினால் சரி. லென்ஸை மாற்றினால் குவியத்தூரமும் மாறும்; பெட்டியையே திருத்த வேண்டிவரலாம்.

சினிமா பார்க்க மட்டும் என்றால் மென்பொருள் போதும். சப்டைட்டில், பாடக்குறிப்பு என எழுத்தைப் படிக்க வேண்டுமானால் தயங்காமல் ட்ரிப்லெட் வாங்குங்கள்.