எண்டோஸ்கோப் தொட்டிக்குக் குளூட்டரால்டிஹைடா, ஓபிஏவா?

எங்கள் எண்டோஸ்கோபிப் பிரிவில், உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் ஸ்கோப்புகளைக் கிருமிநீக்கத்துக்காக ஊறவைக்கும் தொட்டியில் பல ஆண்டுகளாக 2 சதவீதக் குளூட்டரால்டிஹைடுதான் இருந்தது. இப்போது 0.55 சதவீத ஆர்த்தோ தாலால்டிஹைடுக்கு, அதாவது மருத்துவமனைகளில் ஓபிஏ என்று அழைக்கப்படும் கரைசலுக்கு, மாறிவிட்டோம். அந்த மாற்றத்தைப் பரிந்துரைத்தவர்களில் நானும் இருந்ததால், இந்த அலசலில் ஓபிஏவின் பக்கம் ஒரு சாய்வு தெரியும். விலைப்பட்டியலையும் ஊறவைக்கும் நேரத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள், தொட்டியில் ஊற்றிய பிறகு அந்தக் கரைசலுக்கு என்ன ஆகிறது என்பதைக் கவனிப்பதில்லை. என் சாய்வுக்கு முதற்காரணம் அதுதான்.

பொதுவான தகுதிகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சாதாரண பாக்டீரியாக்கள், பூஞ்சைகள், வைரஸ்கள் ஆகியவற்றை இரண்டும் அழிக்கின்றன. ரப்பரையும் உலோகத்தையும் லென்ஸ்களை ஒட்டியிருக்கும் பசையையும் இரண்டும் பெரும்பாலும் கெடுப்பதில்லை. குளூட்டரால்டிஹைடில் 20 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் ஊறவைப்பது பரவலான வழக்கம். 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓபிஏவுக்கு அந்நாட்டு முகப்புச் சீட்டில் அதே வெப்பநிலையில் 12 நிமிடம் என்றும், ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் 5 நிமிடம் என்றும் குறித்திருக்கிறார்கள். நோயாளிகள் அதிகம், ஸ்கோப்புகள் குறைவு என்ற நிலையில் இந்த நேர மிச்சம் பெரிய உதவிதான். ஆனாலும் அதற்காக மட்டும் நான் மாறியிருக்க மாட்டேன்.

இரண்டின் வேதியியலையும் சற்றுப் பார்த்தால் மற்றவை எளிதில் விளங்கும். குளூட்டரால்டிஹைடு ஐந்து கார்பன்கள் கொண்ட ஒரு சிறு சங்கிலி. அதன் இரு முனைகளிலும் ஆல்டிஹைடுத் தொகுதிகள் உள்ளன. ஒரு முனை ஒரு புரதத்தின் லைசின் அமினோ தொகுதியையும் மறு முனை இன்னொன்றையும் பற்றிக்கொள்ள, புரதங்கள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்து இறுகிவிடுகின்றன. கிருமியைக் கொல்லும் இந்த வினைதான் குரோமியம் இல்லாமல் தோலைப் பதனிடவும் உதவுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கான திசுக்களை உருக்குலையாமல் நிலைப்படுத்த 1963இல் சபட்டினியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். பன்றியின் இதய வால்வை மனிதருக்குப் பொருத்தும் வகையில் பிரெஞ்சு இதய அறுவை மருத்துவர் அலைன் கார்ப்பான்டியே பதப்படுத்தியதும் இதே வினையால்தான். எண்ணெய்க் குழாய்களில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்தவும் இதையே ஊற்றுகிறார்கள். ஆனால் ஸ்கோப்பின் உட்குழாயான சானலில் இரத்தமோ சளியோ ஒட்டியிருந்தால் அதையும் இதே திறமையோடு இறுக்கி அங்கேயே ஒட்டவைத்துவிடும். ஓபிஏவில் இரண்டு ஆல்டிஹைடுத் தொகுதிகள் ஒரு பென்சீன் வளையத்தின் அடுத்தடுத்த கார்பன்களில் அமர்ந்திருக்கின்றன. குறுக்குப் பிணைப்பில் அது குளூட்டரால்டிஹைடைவிட வலுக்குறைந்தது. ஆனால் கொழுப்புத்தன்மையுள்ள செல்சுவரை எளிதாக ஊடுருவக்கூடியது. குளூட்டரால்டிஹைடைத் தாங்கி வாழப் பழகிய சில மைக்கோபாக்டீரியம் (காசநோய்க் கிருமியின் இனம்) வகைகள்கூட ஓபிஏவுக்கு மடிவது இதனால்தான்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த பராமரிப்புக்கு வருகிறேன். குளூட்டரால்டிஹைடு கேனில் அமிலத்தன்மையோடு வருகிறது. அந்நிலையில் அது நெடுங்காலம் கெடாமல் இருக்கும். ஆனால் பாக்டீரியாக்களின் உறங்குநிலையான, கடினமான வித்துகளைக் கொல்லும் ஆற்றல் அதற்கு இருக்காது. உடன் வரும் காரப் பொடியையோ திரவத்தையோ சேர்த்துப் பிஎச் அளவை 7.5க்கும் 8.5க்கும் இடையில் கொண்டுவந்தால்தான் முழு ஆற்றல் பிறக்கிறது. சிக்கலும் அப்போதே தொடங்கிவிடுகிறது. அந்தக் காரத்தன்மையில் குளூட்டரால்டிஹைடு மூலக்கூறுகள் தமக்குள்ளேயே சேர்ந்து பலபடிகளாக மாறுவதால், யாரும் ஒரு ஸ்கோப்பைக்கூட நனைக்காவிட்டாலும் கரைசல் நாளுக்கு நாள் வலுவிழக்கிறது. வழக்கமான தயாரிப்புகளுக்கு 14 நாள் வரம்பு வைத்திருப்பது இதனால்தான். ஓபிஏவுக்குப் பொடி சேர்க்கும் வேலை இல்லை. பிஎச் 3 முதல் 9 வரை அது நிலையாக இருக்கும். தொட்டியில் ஊற்றியபின் அதற்கும் 14 நாள் வரம்பு உண்டு என்றாலும், அது பெரும்பாலும் பயன்பாட்டால்தான் குறைகிறதே தவிர, தானாகச் சிதைந்து அல்ல.

இதைவிட முக்கியமானது நீர்த்துப்போதல். கழுவிய ஸ்கோப்பை முழுவதும் உலர்த்திய பிறகே தொட்டியில் இட வேண்டும் என்பது விதி. வேலை நெருக்கும் காலை நேரத்தில் சானலுக்குள் கொஞ்சம் தண்ணீர் நின்றபடியே அது உள்ளே போவது நடைமுறை. ஒவ்வொரு ஸ்கோப்பும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே கொண்டுவந்து கொஞ்சம் கரைசலை வெளியே எடுத்துச் செல்வதால், மட்டம் மாறாமலே செறிவு இறங்கிக்கொண்டிருக்கும். குளூட்டரால்டிஹைடுக்கு 1.5 சதவீதத்தைக் குறைந்தபட்சப் பயன்செறிவாகக் கொண்டால், 2 சதவீதத்தில் தொடங்கும் கரைசலில் கால் பங்கு போனதுமே அது தோற்றுவிடுகிறது. ஓபிஏவின் குறைந்தபட்சம் 0.3 சதவீதம் என்பதால் 0.55இல் தொடங்கும் கரைசல் ஏறத்தாழ 45 சதவீத இழப்பு வரை தாங்கும். 10 லிட்டர் கரைசலோடு தண்ணீர் கலப்பதாக வைத்துக்கொண்டால், குளூட்டரால்டிஹைடை வரம்புக்குக் கீழே தள்ளச் சுமார் 3.3 லிட்டர் தண்ணீர் போதும். ஓபிஏவுக்குச் சுமார் 8.3 லிட்டர் வேண்டும். தினமும் முதல் ஸ்கோப்பை இடும் முன் செறிவு போதுமா என்று காட்டும் சோதனை ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். எங்கள் தொட்டியில் குளூட்டரால்டிஹைடு 14 நாளை எட்டும் முன்பே ஸ்ட்ரிப்பில் தோற்பது வழக்கமாக இருந்தது. ஓபிஏ பெரும்பாலும் முழுக் காலமும் ஓடுகிறது. லிட்டருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் விலை கொடுத்தும் செலவு பெரிதாக ஏறாததற்கு அதுதான் காரணம். ஸ்ட்ரிப் தேறுகிறது என்பதற்காகத் தேதி முடிந்த கரைசலை நீட்டிப்பது மட்டும் எதிலும் கூடாது.

ஓபிஏவைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை, அது தோலையும் துணியையும் மேசையையும் சாம்பல் நிறமாகக் கறைப்படுத்துகிறது என்பது. புரதத்தின் அமினோ தொகுதிகளோடு அது புரியும் வினைதான் இதற்குக் காரணம். (இதே நாட்டத்தைப் பயன்படுத்தித்தான் தயோல் என்ற கந்தகச் சேர்மம் ஒன்றையும் சேர்த்து, மிக நுண்ணிய அளவு அமினோ அமிலங்களையும் ஒளிரச் செய்து அளக்கும் முறையை மார்க் ரோத் 1971இல் வெளியிட்டார்.) நான் இதைக் குறையாக மட்டும் பார்ப்பதில்லை. ஊறவைத்து எடுத்த ஸ்கோப்பின் முனையிலோ திசு எடுக்கும் கருவி நுழையும் பயாப்சி வாயிலிலோ சாம்பல் நிறம் தெரிந்தால், அங்கே புரதம் எஞ்சியிருக்கிறது, பிரஷ் போட்டுக் கழுவியவர் சரியாகக் கழுவவில்லை என்று பொருள். குளூட்டரால்டிஹைடு இப்படி எதையும் வெளிப்படையாகக் காட்டிக்கொடுப்பதில்லை.

ஆவியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. குளூட்டரால்டிஹைடின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். தொடர்ந்து சுவாசித்தவர்களுக்குத் தொழில்சார்ந்த ஆஸ்துமா வந்திருக்கிறது. மூடியில்லாத தொட்டி, காற்றோட்டமில்லாத அறை என்றால் அதைப் பயன்படுத்தவே கூடாது. ஓபிஏவில் அந்த நெடி இல்லை. ஆனால் நெடி இல்லாததை ஆபத்தில்லாதது என்று கொள்ளக் கூடாது. அதுவும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் மூடியும் இரண்டுக்கும் பொது.

ஓபிஏவை ஒதுக்க வேண்டிய இடங்களும் உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகத் சிறுநீர்ப்பைக்குள் ஸ்கோப் செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்ட சில நோயாளிகளுக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டதால், அந்த நோய் வரலாறு உள்ளவர்களுக்கான சிறுநீரகவியல் கருவிகளை இதில் இடக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். எங்களுடையது இரைப்பை-குடல் பிரிவு. சிஸ்டோஸ்கோப்புகள் எங்களிடம் வருவதில்லை. ஆகவே அத்துறையினர் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் கையால் ஊறவைப்பவர்கள் என்பதால், தானியங்கிக் கழுவியந்திரம் உள்ள இடங்களில் இந்தக் கணக்கு எப்படி மாறும் என்பதையும் அங்கே வேலை செய்பவர்கள்தாம் சொல்ல வேண்டும். வித்துகளை அழிக்கும் முழுக் கிருமிநீக்கம் தேவைப்பட்டால், 10 மணி நேரம் ஊறவைக்கும் குளூட்டரால்டிஹைடே மேல். ஓபிஏவை அதற்கு நம்பக் கூடாது. அலசுவதிலும் ஓபிஏ அதிகம் கேட்கும்: ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரில் மூன்று அலசல் வேண்டும், இல்லாவிட்டால் நோயாளியின் உதட்டிலும் வாயிலும் கறை படியும். இதற்காகக் குளூட்டரால்டிஹைடை ஒரே அலசலில் விட்டுவிடலாம் என்று நினைத்துவிட வேண்டாம். சானலில் அது தங்கினால் பெருங்குடலில் வேதிப் புண் வரும்.

மாற விரும்புபவர்கள் ஸ்ட்ரிப்புகளையும் அந்தக் கரைசலுக்கு உரியதாகவே சேர்த்து வாங்க வேண்டும். ஒன்றின் ஸ்ட்ரிப்பால் மற்றதைச் சோதிக்க முடியாது. கொட்டும்போது கேட்கும் இரசாயனமும் வேறு: குளூட்டரால்டிஹைடைச் சோடியம் பைசல்ஃபைட்டால் செயலிழக்கச் செய்வது வழக்கம், ஓபிஏவுக்குக் கிளைசினைக் கலந்து, ஒரு மணி நேரமாவது விட்டு, பிறகே சாக்கடையில் விட வேண்டும்.